ஆறேழு யூரோவில் நல்ல ஒயின்: 36 பாட்டில் வாங்கி ஏமாந்தவன் எழுதுவது

ஊரில் இருந்தவரை எனக்கு 'ஒயின் ஷாப்' என்றால் ஒயினைத் தவிர மற்றதெல்லாம் விற்கிற கடை. வேலைக்காக பிரான்ஸின் லியோனுக்கு வந்த முதல் வாரம், வீட்டுக்குப் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் ஒயின் வரிசையைப் பார்த்து மலைத்துப் போய் நின்றேன். 2 யூரோவில் தொடங்கி 60 யூரோ வரை, எல்லாவற்றிலும் ஒரு கோட்டை படம், ஒரு தங்க ஸ்டிக்கர். யாரிடமாவது கேட்கலாம் என்றால் வெட்கம். பிரெஞ்சுக்காரரிடம் ஒயின் பற்றிக் கேட்பது, மதுரைக்காரரிடம் போய் இட்லியை எப்படிச் சாப்பிடுவது என்று கேட்பது மாதிரி தோன்றியது. அந்த வெட்கத்துக்கு இரண்டு வருடத்தில் நான் கட்டிய அபராதம் சுமார் 600 யூரோ. அதில் 396 ஒரே மதியத்தில் போனது.

2017இல் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கண்காட்சி. சமையலறை அலமாரி பார்க்கப் போனவனை ஒரு ஒயின் ஸ்டாலில் உட்கார வைத்தார்கள். நன்றாகக் குளிரவைத்த சிவப்பு ஒயின், கூடவே தட்டு நிறையப் பாலாடைக்கட்டியும் உலர்ந்த பன்றி இறைச்சித் துண்டும். அருமையாக இருந்தது. 2013ஆம் ஆண்டு அறுவடையில் செய்த போர்தோ பகுதி ஒயின், கடையில் 18 யூரோ, இங்கே 11, மூன்று பெட்டி எடுத்தால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவோம் என்றார்கள். 36 பாட்டில் வாங்கினேன். வீட்டில் முதல் பாட்டிலைத் திறந்து சோறு, கோழிக்குழம்போடு குடித்தபோது நாக்கு அப்படியே வறண்டு இழுத்துக்கொண்டது. கசப்பு, மரத்தூள் வாசனை, நடுவில் ஒன்றுமே இல்லை. ஒருவேளை அந்தப் பாட்டில்தான் கெட்டதோ என்று இன்னொன்றைத் திறந்தேன். அதுவும் அப்படியே.

அந்த மதியத்தில் நான் செய்த தப்புகளைப் பிறகுதான் ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டேன். ஒயின் வியாபாரத்தில் ஒரு பழமொழி உண்டு: வாங்கும்போது ஆப்பிளோடு ருசி பார், விற்கும்போது பாலாடைக்கட்டியோடு கொடு. பாலாடைக்கட்டியின் கொழுப்பும் உப்பும் துவர்ப்பையும் கசப்பையும் மூடிவிடும். ஆப்பிளோ, ஒயினின் குறையை வெளியே கொண்டுவரும். வாங்கப் போகிற இடத்தில் வெறும் ரொட்டியும் தண்ணீரும் போதும். இரண்டாவது, குளிர்ச்சி. அதிகம் குளிர்ந்த ஒயினில் கெட்ட வாசனை மேலே வராது. அதனால் கிளாஸை உள்ளங்கையில் ஐந்து நிமிடம் வைத்துச் சூடேற்றி மறுபடி ஒரு வாய் குடித்துப் பாருங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் எழுந்துவிடுங்கள். மூன்றாவது, ஆண்டு. 2013 போர்தோவில் மழையும் குளிருமான மோசமான வருடம். பழுக்காத திராட்சையின் துவர்ப்பு பாட்டிலுக்குள் பத்து வருடம் கிடந்தாலும் இனிப்பாகாது. நான்காவதுதான் பெரிய அடி. போன் மூலமோ வீட்டுக் கதவைத் தட்டியோ விற்கப்பட்ட சரக்கை 14 நாளுக்குள் திருப்பித் தரும் உரிமை பிரான்ஸில் உண்டு. கண்காட்சி ஸ்டாலில் வாங்கினால் அந்த உரிமை கிடையாது. அதை ஸ்டாலில் எழுதி மாட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். மாட்டியிருந்தார்கள்தான், நான் படிக்கவில்லை.

அதற்குப் பிறகு பயந்துபோய் எதிர்த்திசையில் ஓடினேன். ஆறு மாதம் 2, 3 யூரோ பாட்டில்கள். தலைவலிதான் மிச்சம். ஏன் என்று கணக்குப் போட்டால் புரியும். 3 யூரோ பாட்டிலில் 20 சதவீத வாட் வரி 50 சென்ட். பிரான்ஸில் ஒயினுக்கான தனி மதுவரி பாட்டிலுக்கு வெறும் 3 சென்ட் அளவுதான், அதை விட்டுவிடலாம். மீதி இரண்டரை யூரோவில் கண்ணாடி பாட்டில், தக்கை, லேபிள், அட்டைப்பெட்டி, லாரி வாடகை, கடைக்காரர் லாபம் எல்லாம் போக வேண்டும். திராட்சைக்கு என்ன மிஞ்சும்? அதே செலவுகள் 7 யூரோ பாட்டிலுக்கும் ஏறக்குறைய அதேதான். வரி போக 5.80 கையில் நிற்கும், கூடுதலாக வந்த பணத்தில் பெரும்பகுதி உள்ளே இருக்கும் சரக்குக்குப் போகிறது. ஆகவே 3இலிருந்து 7க்கு ஏறும்போது ருசியில் பெரிய தாவல். 7இலிருந்து 15க்கு ஏறும்போது அவ்வளவு இல்லை. அங்கே ஊர்ப் பெயருக்கும் கோட்டைப் படத்துக்கும் சேர்த்துக் கொடுக்கிறோம். தினசரிக் குடிக்கு 6 முதல் 9 யூரோதான் என் எல்லை.

லேபிளில் எதைப் பார்ப்பது? 'கிரான் வேன் து போர்தோ' (போர்தோவின் மகா ஒயின்) என்று பெரிதாகத் தங்க எழுத்தில் இருந்தாலும் அது தரத்துக்கு உத்தரவாதம் இல்லை. 'பழைய கொடிகள்', 'ரிசர்வ்' என்பவையும் அப்படியே. என் 36 பாட்டிலிலும் இந்த மூன்றும் இருந்தன. அர்த்தமுள்ள வரி கீழே சின்ன எழுத்தில் இருக்கும்: எங்கே பாட்டிலில் அடைத்தது என்பது. 'மி ஆன் புத்தேய் ஓ தொமேன்' அல்லது 'ஓ ஷாத்தோ' என்றால் விளைந்த இடத்திலேயே அடைத்தது. வெறும் கம்பெனிப் பெயரும் ஒரு அஞ்சல் குறியீடும் மட்டும் இருந்தால் பெரும்பாலும் பல இடத்துச் சரக்கை வாங்கிக் கலந்து அடைத்தது. மூடிக்கு மேல் வரிமுத்திரை இருந்தால் அதிலும் ஒரு எழுத்து இருக்கும்: 'ஆர்' என்றால் விவசாயி, 'என்' என்றால் வியாபாரி. வியாபாரி என்றாலே மோசம் என்று சொல்ல மாட்டேன். ரோன் பள்ளத்தாக்கில் வியாபாரிகள் கலக்கும் 6 யூரோ ஒயின் பல விவசாயிகளுடையதைவிட நன்றாக இருக்கிறது. ஆனால் தெரியாத ஊர், தெரியாத பெயர் என்றால் 'ஆர்' பக்கம் சாய்வது பாதுகாப்பு. மெடல் ஸ்டிக்கரை முழுக்க ஒதுக்கவும் வேண்டாம், முழுக்க நம்பவும் வேண்டாம். ஒரு போட்டிக்கு வந்த ஒயின்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மெடல் தரக்கூடாது என்று இங்கே விதி. மூன்றில் ஒருவருக்குப் பரிசு என்றால் அது எப்படிப்பட்ட போட்டி என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். விவசாய அமைச்சகம் நடத்தும் பாரிஸ் வேளாண் போட்டியின் ஓக் இலை ஸ்டிக்கருக்கு மட்டும் கொஞ்சம் மரியாதை தருவேன்.

சல்லிசாக நல்ல ஒயின் வாங்க எனக்குத் தெரிந்த சிறந்த வழி, பெயர்போன ஒயின் ஊரை விட்டு அதற்குப் பக்கத்து ஊரைப் பார்ப்பது. காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைக்குப் போகாமல் ஆரணிக்குப் போகிற கணக்கு. சான்சேர் ஊர் வெள்ளை ஒயினின் விலை கட்டுப்படியாகவில்லையா? அதே சோவிஞோன் பிளாங் திராட்சையில் தூரேன் பாதி விலைக்குக் கிடைக்கும். சிவப்பில் சாந்த் எமிலியோனுக்குப் பதில் பெர்ழராக், திராட்சை அதே மெர்லோதான். சோத்தேர்ன் என்ற இனிப்பு ஒயினுக்குப் பதில் மோன்பாஸியாக். புயி ஃபுயிஸ்ஸே என்ற வெள்ளைக்குப் பதில் மக்கோன் வில்லாழ். ஷாம்பேனுக்குப் பதில் கிரேமான் என்ற நுரைக்கும் ஒயின். கிரேமானும் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க வைப்பதுதான். ஷாம்பேன் பாட்டிலுக்குள் ஈஸ்ட் வண்டலோடு குறைந்தது 12 மாதம் கிடக்க வேண்டும் என்றால் இது 9 மாதம், அவ்வளவே. 8, 9 யூரோ கிரேமானை விருந்தாளிக்கு ஊற்றினால் பாதிப் பேர் கண்டுபிடிக்க மாட்டார்கள். தெற்கே லாங்டாக்கில் கொர்பியேர், மினெர்வுவா, ஃபோழேர் என்று பெயர் பிரபலமாகாத மலையடிவார ஊர்கள் இருக்கின்றன. வெயில் நன்றாக அடிக்கும் இடம், பழுக்காத துவர்ப்பு அபூர்வம். சிவப்பு ஒயினை இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் அங்கிருந்தே தொடங்குங்கள். ஆண்டு விஷயத்தில், தினசரி வெள்ளை ஒயின் என்றால் ஒன்றிரண்டு வருடம், சிவப்பு என்றால் நான்கு வருடத்துக்குள். 'பழசானால் ருசி' என்பது இந்த விலைக்குப் பொருந்தாது.

செப்டம்பரில் எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் ஒயின் திருவிழா மாதிரி ஒரு விற்பனை வரும், 'ஃபுவார் ஓ வேன்'. அங்கே என் முறை இது: முதல் நாள் சாயங்காலம் 6 முதல் 9 யூரோவுக்குள் நான்கு வகையில் ஒவ்வொரு பாட்டில். அன்று இரவே திறந்து பார்ப்பது. மறுநாள் காலை கடை திறக்கும்போது போய், பிடித்ததில் மட்டும் ஆறு. மூன்றாம் நாள் போனால் நல்லது இருக்காது. இன்னொன்று, பாரிஸ், லியோன், ஸ்திராஸ்பூர் போன்ற நகரங்களில் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை தனி விவசாயிகள் ஒன்றுகூடி நடத்தும் கண்காட்சி. முதுகில் பீப்பாய் சுமந்த மனிதன்தான் அவர்கள் சின்னம். பாட்டில் கழுத்திலும் அதைப் பார்க்கலாம். வாசலில் ஒரு கிளாஸ் தருவார்கள், உள்ளே ருசி பார்க்கக் காசில்லை. துப்புவதற்கு வாளி வைத்திருப்பார்கள். துப்புங்கள். நமக்கு அது மரியாதைக்குறைவாகப் படும், எனக்கும் முதல் முறை விழுங்கத்தான் தோன்றியது. விழுங்கினால் பத்தாவது ஸ்டாலில் எல்லாமே அமிர்தமாகத்தான் இருக்கும். அங்கேதான் பர்ஸ் திறக்கும்.

லியோனுக்கு வடக்கே அரை மணி நேரம் போனால் பொழொலே என்ற ஒயின் பகுதி. கூட்டுறவு ஒயின் சாலைகளில் சில்லறையாகவும் விற்பார்கள்: பெட்ரோல் பங்க் மாதிரி குழாய், நம் கேனைக் கொண்டுபோனால் லிட்டர் 2, 3 யூரோவுக்குப் பிடித்துத் தருவார்கள். நான் 10 லிட்டர் கேனில் பிடித்துவந்து சமையலறையிலேயே வைத்துத் தினம் ஒரு கிளாஸ் ஊற்றிக் குடித்தேன். பத்தாம் நாள் வெட்டிவைத்துக் கறுத்துப்போன ஆப்பிள் வாசனை, மூன்றாம் வாரம் காடி (வினிகர்). ஊற்ற ஊற்ற உள்ளே காற்று ஏறுகிறது என்பதே எனக்கு உறைக்கவில்லை. கேனில் பிடித்தால் அன்றைக்கே, அதிகம் போனால் மறுநாளே பாட்டிலில் அடைத்துவிட வேண்டும். பழைய பாட்டில்களைச் சோப்பு போடாமல் வெந்நீரில் அலசிக் கவிழ்த்து நன்றாகக் காயவைத்து, தக்கைக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி மட்டும் விட்டு நிரப்புங்கள். இரண்டு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். இந்த வேலையெல்லாம் முடியாது என்றால் குழாய் வைத்த அட்டைப்பெட்டி ஒயினை வாங்குங்கள். 3 லிட்டர், 5 லிட்டரில் வரும். உள்ளே இருக்கும் பை ஒயின் குறையக் குறையச் சுருங்கிக்கொள்வதால் காற்று அவ்வளவாக நுழையாது, திறந்தபிறகும் நான்கு வாரம் தாராளமாக இருக்கும். பெட்டியில் அடைத்த தேதி பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள். ஆறு மாதத்துக்கு மேல் பழசானதை எடுக்காதீர்கள், பை மூலமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று நுழையத்தான் செய்யும்.

தனியாகக் குடிப்பவருக்கு இந்தக் காற்று விஷயம் முக்கியம். பிரான்ஸின் பொதுச் சுகாதார அமைப்பு சொல்லும் வரம்பு வாரத்துக்கு 10 கிளாஸ், ஒருநாளைக்கு 2க்கு மேல் கூடாது, சில நாள் அறவே இல்லாமல் இருக்க வேண்டும். ஒரு கிளாஸ் என்பது 12 சதவீத ஒயினில் 100 மில்லி. ஒரு பாட்டிலில் அப்படி ஏழரை கிளாஸ் இருக்கிறது. ஆகவே ஒரு ஆளுக்கு ஒரு பாட்டில் ஐந்தாறு நாள் வரவேண்டும், ஆனால் திறந்த பாட்டில் மேஜையில் இரண்டு நாள்கூடத் தாங்காது. அதற்கு ஒரு சுலபமான வழி: 375 மில்லி அரை பாட்டில் இரண்டு மூன்று சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பாட்டிலைத் திறந்ததும், ஒரு கிளாஸ்கூட ஊற்றுவதற்கு முன், பாதியை அதில் கழுத்துவரை ததும்ப ஊற்றி மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். சிவப்பாக இருந்தாலும் ஃப்ரிட்ஜ்தான். ஐந்தாறு நாள் நிற்கும்.

ருசி பார்ப்பது பற்றி ஆளாளுக்கு ஏதேதோ சொல்வார்கள். செர்ரி, புகையிலை, ஈரமண். எனக்கு அந்த வாசனை அகராதி கடைசிவரை பிடிபடவில்லை. நமக்குத் தெரிந்த நாக்கு மொழியே போதும் என்று விட்டுவிட்டேன். புளிப்பு: விழுங்கியபின் மாங்காயைப் பார்த்ததுபோலக் கன்னத்தின் இரண்டு பக்கமும் எச்சில் ஊறுகிறதா? துவர்ப்பு: கொட்டைப்பாக்கு மென்றதுபோல ஈறும் நாக்கும் இழுத்துப் பிடிக்கிறதா, அது சீக்கிரம் விடுகிறதா, அப்படியே வறண்டு நிற்கிறதா? சூடு: தொண்டையில் சாராயம் மாதிரி எரிகிறதா? கடைசியாக, விழுங்கிய பிறகு ருசி எத்தனை விநாடி தங்குகிறது என்று மனசுக்குள் எண்ணுங்கள். 3 யூரோ ஒயின் இரண்டில் நின்றுவிடும். நல்ல 7 யூரோ ஒயின் ஆறேழு வரை போகும். ஒன்றைத் தனியாகக் குடித்து இதெல்லாம் கண்டுபிடிக்க முடியாது. நான்கு பேர் சேர்ந்து ஆளுக்கு ஒரு பாட்டில், ஒரே வகை, வேறுவேறு விலையில் வாங்கி, அலுமினியத் தாளைக் கழுத்துவரை சுற்றி எண் போட்டு, ஆளுக்கு 50 மில்லி ஊற்றிப் பாருங்கள். முதலில் வெறுமனே, பிறகு சாப்பாட்டோடு. ஒவ்வொன்றிலும் கால் பாட்டில் மிச்சம் வைத்து மறுநாள் ஒருமுறை. மறுநாளும் நன்றாக இருப்பதுதான் ஆறு பாட்டில் வாங்க வேண்டிய ஒயின். இரண்டு வருடத்தில் கற்காததை அப்படி நான்கு சாயங்காலத்தில் கற்றேன். கிளாஸுக்குச் செலவு வேண்டாம், மேலே குறுகிய துலிப் வடிவம் எதுவானாலும் சரி, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாமல் இருந்தால் போதும்.

கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்கவும் தெரிய வேண்டும். மழையில் நனைந்து காயாத அட்டைப்பெட்டி வாசனை அடித்தால் தக்கையிலிருந்து வந்த கோளாறு. நேரம் ஆக ஆக அதிகமாகும், சரியாகாது, கடைக்கு எடுத்துப்போனால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள், முக்கால் பாட்டிலாவது மிச்சம் இருக்க வேண்டும். தீக்குச்சி உரசிய வாசனை என்றால் கவலை வேண்டாம், கந்தகம்தான், ஒரு சொம்பில் ஊற்றி அரை மணி வைத்தால் போய்விடும். மாட்டுத்தொழுவ வாசனை லேசாக இருந்தால் சிலருக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்காது.

நம் சாப்பாட்டோடு எது சேரும் என்பதில்தான் என் கோழிக்குழம்புப் பாட்டில் அநியாயமாக மாட்டிக்கொண்டது என்றும் சொல்ல வேண்டும். மிளகாய்க் காரத்தைச் சாராயம் தூண்டிவிடும், துவர்ப்பு கசப்பாக மாறும். 14.5 சதவீதச் சிவப்பையும் காரக்குழம்பையும் சேர்த்தால் இரண்டும் பாழ். கொஞ்சம் இனிப்பும் குறைந்த சாராயமும் உள்ளவைதான் காரத்தை அடக்கும்: லுவார் ஆற்றுப் பக்கத்து வூவ்ரே என்ற வெள்ளை, லேபிளில் 'தெமி செக்' (லேசான இனிப்பு) என்று போட்டது. சிவப்புதான் வேண்டும் என்றால் கமே திராட்சையில் செய்த பொழொலே, ஃப்ரிட்ஜில் வைத்துச் சுமார் 13 டிகிரிக்குக் குளிரவைத்து. துவர்ப்பு குறைவு என்பதால் கோழி வறுவலுக்கு அழகாகப் போகும். ஆட்டுக்கறிச் சுக்காவுக்கு தவேல் ஊர் ரோஸே, அதாவது இளஞ்சிவப்பு ஒயின். மீன் வறுவலுக்கு மஸ்காதே அல்லது பிக்பூல் து பினே என்ற வெள்ளை ஒயின், இரண்டும் எலுமிச்சை பிழிந்த மாதிரி வேலை செய்யும். மீனோடு துவர்ப்புச் சிவப்பைக் குடித்தால் வாயில் இரும்பு வாசனை வரும். புளிக்குழம்புக்குப் புளிப்பு குறைந்த ஒயின் தண்ணீர் மாதிரி ஆகிவிடும், குழம்பைவிட ஒயின் ஒரு படி கூடுதலாகப் புளிக்க வேண்டும். தயிர்சாதத்துக்கு எதையும் திறக்காதீர்கள்.

அந்த 36இல் 11ஐ அலுவலகத்தில் கொடுத்துத் தீர்த்தேன். 9ஐ ஃப்ரிட்ஜுக்கு மேல் ரேக்கில் வைத்திருந்தேன், ஜூலை வெயிலும் ஃப்ரிட்ஜ் சூடும் சேர்ந்து தக்கையைத் தள்ளிக் கசிந்துவிட்டன; அலமாரியின் அடித்தட்டில் இருட்டில் படுக்க வைத்திருக்க வேண்டும். மிச்சத்தில் சிலவற்றைக் குடித்தேன், சிலவற்றைக் காடியாக்கினேன். அதற்கு ஒயின் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, கண்ணாடி ஜாடியில் ஊற்றி ஒருநாள் திறந்துவைத்து, காய்ச்சாத காடி கால் பங்கு சேர்த்து, நெருக்கமாக நெய்த துணியால் வாயைக் கட்டி, அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று மாதம். உலோகப் பாத்திரம் ஆகாது. நனைந்த அட்டை வாசனை உள்ள பாட்டிலை மட்டும் இதில் சேர்க்கக் கூடாது, அந்த வாசனை காடியிலும் அப்படியே நிற்கும். பன்றிக்கறிக்கு இப்போதும் அதே ஜாடியிலிருந்துதான் ஊற்றுகிறேன்.